தந்தப் பந்துக்குச் சூடு ஆகாது

என் கணவர் செங்கல்பட்டில் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியைத் துலக்கி, பந்துகளைத் துடைத்து எடுத்து வைத்து, பெரிய மனிதர்கள் ஆடும்போது அவர்களுடைய புள்ளிகளைச் சுவர்ப் பலகையில் நகர்த்துகிறவருக்கு அந்தப் பெயர். ஆட்டம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. வேலையோடு கிளப்பின் பின்புறம் ஒரு கூரை வீடும் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நான் வந்து இறங்கியதும், என் மகள் தவழப் பழகியதும் அந்த வீட்டில்தான். அந்த வேலையையும் வீட்டையும் நாங்கள் ஒரே மாதத்தில் இழந்தோம். ஒரு தந்தப் பந்து உடைந்து போனதால் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம். நான் எழுதிய ஒரு கடிதத்தால் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் எனக்குப் பந்து என்றால் ரப்பர் பந்துதான். கிளப்பில் யாரும் பந்து என்று சொல்வதில்லை. 'பால்' என்பார்கள். அடுத்த வீட்டிலிருந்த தோட்டக்காரரின் மனைவிக்கு அது தீராத வேடிக்கை.

"இன்னா யக்கா, உன் வூட்டுக்காரு நாள் பூரா பாலு தொடச்சிகினே கீறாராமே. பாலை எப்பிடி யக்கா தொடைக்கிறது? சிந்திடாதா?"

குழந்தைக்குப் பால் போதவில்லையோ, வற்றிவிடுமோ என்று நான் மணிக்கொரு முறை பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். உள்ளே போய்க் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன், இளைத்திருக்கிறதா என்று.

பந்துகளைப் பற்றி அவர் சொல்லித்தான் தெரியும். தினசரி ஆட்டத்துக்கு இருந்தவை ஏதோ பொடிகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தவை. மெம்பர்கள் காம்போசிஷன் என்பார்கள், அவர் 'கலப்பு பாலு' என்பார். கனமானவை, மோதினால் சத்தம் கூர்மையாகக் கேட்கும். ஸ்நூக்கருக்கான இருபத்திரண்டு பந்துகளும் அந்த ரகம்தான். அதற்கும் முந்திய காலத்து செல்லுலாய்டு பந்துகள் இரண்டு, மேசைக்கு லாயக்கில்லாதவை, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் சூடம் மணக்கும். தோட்டக்காரரின் மனைவி ஒன்றை வாங்கி முகர்ந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது தீப்பிடித்தால் நிற்காமல் எரியும் என்று அவர் ஒரு முறை சொன்னதிலிருந்து நான் அவற்றை அடுப்புக்கு எதிர்மூலையில், மேலே பரணில் வைத்திருந்தேன். பரணில் இருந்தால் கூரைக்குப் பக்கமாயிற்றே என்று மறுநாள் கீழே இறக்கினேன். கீழே இருந்தால் குழந்தை எடுத்துவிடுமே என்று மறுபடி ஏற்றினேன்.

தந்தப் பந்துகள் மூன்றே மூன்று. வெறும் வெள்ளை ஒன்று, கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளை ஒன்று, சாயம் ஏற்றிய சிவப்பு ஒன்று. பில்லியர்ட்ஸுக்கு மூன்று போதும். வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனவை. மோதினால் கூர்மையான சத்தம் வராது, அடங்கிய குரலில் யாரோ ஒரு வார்த்தை சொன்னது போலக் கேட்கும். வெள்ளையை வெளிச்சத்தில் திருப்பினால் மரத்தின் ரேகை போல மெல்லிய கோடுகள் தெரியும். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி. பல்லுக்குள் நரம்பு ஓடிய இடம் என்று சொன்னார்.

"நல்ல பாலெல்லாம் பொம்பள யானைத் தந்தத்துலதான் செய்வாங்களாம். கோணல் இல்லாம நேரா இருக்குமாம். பழைய துரை சொல்லிக் குடுத்தாரு" என்றார் ஒரு நாள்.

"பெண் யானைக்கு ஏதுங்க தந்தம்? கோயில் யானையைப் பார்த்ததில்லையா?" என்றேன்.

"அப்படியா டீச்சரம்மா? அப்ப துரை பொய் சொல்லிட்டாரு போல."

நான் டீச்சர் இல்லை. என் அப்பா பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். மிஷன் பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தது. அந்த எட்டாம் வகுப்புக்கு அவர் வைத்த பெயர் அது. கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு என்பதைப் பிறகு ஒரு பழைய பாடப் புத்தகத்தில் படித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தந்தம் செத்துப் போன பொருள் இல்லை என்பது அவர் கட்சி. வெயில் காலத்தில் சுருங்கும், மழைக் காலத்தில் ஊதும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. கவனிக்காவிட்டால் பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். திடீரென்று சூடு பட்டால் ரேகையோடு வெடிக்கும். பில்லியர்ட்ஸ் அறைக்கு ஓடு போட்ட கூரை. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. எங்கள் வீடு பனையோலை வேய்ந்தது. அதனால் கோடைக்கு முன்பே தந்தப் பந்துப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். செயலாளரின் உத்தரவு அது. அவர் ஊரில் பேர் பெற்ற வக்கீல். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காதவர், பெட்டியை மட்டும் எங்களை நம்பி விட்டிருந்தார்.

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். அதற்கு நேர் மேலே கட்டிலில் குழந்தை தூங்கும். இரண்டுக்கும் அனல் காற்று படாமல் ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவேன். ஈரம் அதிகமானால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், பந்துக்கும் ஆகாது. சாக்கை எடுப்பேன். மறுபடி போடுவேன்.

மெம்பர் யார் கேட்டாலும் என் கணவர் சொல்வது ஒன்றுதான்: "சூடு ஆகாதுங்க." வெயில் விழுகிற ஜன்னலோரம் யாராவது பந்தை வைத்தால், "சூடு ஆகாதுங்க" என்று எடுத்துவிடுவார். அவருக்குப் பின்னால் அதையே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் கிளப்பின் ஆண்டுப் போட்டியைக் கடற்கரையில் வைத்துக்கொண்டார்கள். மகாபலிபுரத்துக்குச் சற்று வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, கடலைப் பார்த்து ஒரு பங்களா. அதன் சொந்தக்காரர் கிளப்பின் பெரிய மெம்பர். புதிதாக ஒரு மேசை வாங்கிப் போட்டிருந்தார். தந்தப் பந்திலேயே ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

என் கணவர் செயலாளரிடம் போய் நின்றார். குழந்தையோடு நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டு நாள் முன்னாடியே பொட்டியக் கொண்டு போய் அங்க வெச்சிடணுங்க. கடக்காத்துக்கு அது பழகணும்."

"பழகணுமா? அது என்ன புதுப் பொண்ணா, மாமியார் வீட்டுல பழகறதுக்கு?" என்றார் செயலாளர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "அன்னைக்குக் காலையில வந்தாப் போதும். உன் சம்சாரத்தையும் கூட்டிட்டு வா. குழந்தைங்க நிறைய வரும், பார்த்துக்க ஆள் வேணும்."

திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறிப் போனோம். பெட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். குழந்தை அவர் தோளில். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"இன்னாம்மா இது, புள்ளைய ஆம்பள கையில குடுத்துட்டு பொட்டிய மடியில வெச்சிகினு கீறே? நகையா?"

"யானைப் பல்லுங்க" என்றார் அவர்.

"யானைக்கு வலிக்கலியாமா?" என்றாள் அவள். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். அன்று நாங்கள் சந்தோஷமாகத்தான் போனோம்.

காலை ஆட்டம் நல்லபடியாக முடிந்தது. பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். என் கணவருக்குச் சாப்பாடு கிணற்றுக்கு அப்பால், தோப்பில். நான் பின்பக்க வராந்தாவில் மெம்பர்களின் குழந்தைகளோடு இருந்தேன். என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவின் கோடியில் ஒரு பெரிய மரப் பெட்டி. அதில் மரத்தூள் போட்டு மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த பனிக்கட்டியும் சோடா பாட்டில்களும் இருந்தன.

பங்களாக்காரரின் மாப்பிள்ளை கையில் துண்டோடு வந்தார். மெட்ராஸில் இருப்பவர், நல்ல மனிதர். காலையில் என் மகளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தார். துண்டை விரித்தார். மூன்று தந்தப் பந்துகள்.

"மார்க்கர் சூடு ஆகாது, சூடு ஆகாதுன்னு உயிரை விடறான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வெயில்ல பாவம், பந்து வெந்தே போயிடும். கொஞ்சம் ஜில்லுனு இருக்கட்டும்."

மூன்றையும் துண்டில் சுற்றிச் சோடா பாட்டில்களுக்கு நடுவே வைத்து மூடிவிட்டுப் போனார்.

நான் உடனே எழுந்து கிணற்றுப் பக்கம் ஓடியிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அதை எண்ணிப் பார்க்கிறேன். உண்மையைச் சொல்வதென்றால், மாப்பிள்ளை செய்தது எனக்குச் சரி என்றுதான் பட்டது. சூடு ஆகாது என்றால் குளிர்ச்சி நல்லது. எங்கள் வீடுகளில் அப்படித்தானே பேசுவோம். குழந்தைக்கு மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி; ஒன்று கெடுத்ததை மற்றது சரிசெய்யும். நானே வீட்டில் ஈரச் சாக்கு தொங்கவிட்டவள்தானே. மடியில் குழந்தை தூங்கியது. எழுந்தால் விழித்துக்கொள்வாள். படித்தவர், மெட்ராஸ்காரர், அவருக்குத் தெரியாதா. உட்கார்ந்தே இருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையே பந்துகளை எடுத்துப் போய் மேசையில் வைத்தார். என் கணவர் கை கழுவிவிட்டு வந்து சேர்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, பாக்கு வெட்டியில் கொட்டைப் பாக்கு இரண்டாகிற மாதிரி ஒரு சத்தம். வெறும் வெள்ளைப் பந்து ரேகையோடு பிளந்து, ஒரு சில்லு துணியின் மேல் கிடந்தது. சிவப்பில் மயிரிழை போல ஒரு கீறல்.

என் கணவர் பந்தைக் கையில் எடுத்தார். உள்ளங்கையில் குளிர்ச்சி தட்டியிருக்க வேண்டும்.

"யாருங்க இத்த ஐஸுல வெச்சது?"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார். "நீதானேய்யா சூடு ஆகாதுன்னு சொன்னே?"

"சூடு ஆகாதுன்னா குளிரும் ஆகாதுங்க. ரெண்டும் ஒண்ணுதாங்க அதுக்கு."

"இதை நீ சொல்லவே இல்லையே."

அவர் சொல்லவில்லைதான். அதுவரை செங்கல்பட்டில் பனிக்கட்டிக்குள் பந்தை வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

திரும்பி வந்த மூன்றாம் நாள் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். கோபமாகப் பேசவில்லை. "நடந்ததை இங்கிலீஷ்ல எழுதிக் கொடு. கமிட்டி முன்னால வைக்கணும். உன் சம்சாரம் படிச்சவதானே, எழுதச் சொல்லு" என்றாராம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் இங்கே மறைக்கக் கூடாது.

மத்தியானம் குழந்தை தூங்கிய பிறகு தாளோடு உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"டீச்சரம்மா, மொள்ளமா எழுது. அந்த மாப்ளை பேரு வோணாம். அவர இழுத்தா மாமனாருக்கு ரோஷம் வந்துடும்."

"நடந்ததை எழுதச் சொல்லியிருக்காங்களே."

"நடந்தது அவுங்களுக்கே தெரியுமே. எல்லாரும் பாத்துகினுதானே இருந்தாங்க."

முதலில் நான் எழுதியது நடந்ததுதான். பந்தைப் பனிக்கட்டியில் வைத்தது அங்கே வந்திருந்த ஒருவர், பேர் இல்லை. அப்போது மார்க்கர் சாப்பிடப் போயிருந்தார். அவரைக் கேட்காமல் எடுத்து ஆடினார்கள். படித்துப் பார்த்தேன். பெரியவர்களுக்கு எழுதுகிற மாதிரி இல்லை, சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இப்படிக் கற்றுத்தரவில்லை. காய்ச்சலில் கிடந்து பள்ளிக்கு வராவிட்டாலும், 'என் வராமையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்' என்றுதான் தலைமையாசிரியைக்கு எழுத வேண்டும். காய்ச்சல் வந்தது நம் குற்றமா என்று அப்போது யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் அதுதான் பழக்கம். விருந்து போட்டு எழுப்பும்போது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்போம். அதைக் கேட்டு, இவள் சமையலில் குறை என்று ஒப்புக்கொண்டாள் என யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

முதல் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். இரண்டாவது தாளில் பந்து உடைந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தேன். 'என் கவனக்குறைவை மன்னித்தருளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல ஆங்கில வாக்கியத்தை எழுதினேன். அந்த வாக்கியத்தில் எனக்கு மார்க் குறைந்ததே இல்லை. அவருக்குப் படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

"கவனக்கொறவுன்னு போட்டுகீறியே" என்றார்.

"அது மரியாதைக்குங்க. அப்படித்தான் எழுதணும்."

"உனக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார். தன் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் எழுத நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

கமிட்டியில் அதிக நேரம் ஆகவில்லையாம். மார்க்கர் தன் கவனக்குறைவை எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார், இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று முடித்துவிட்டார்கள். வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். என் கணவரிடம் சொல்லாமல் போனேன். வாசற்படிக்குக் கீழே நின்று, அது மரியாதைக்காக எழுதிய வாக்கியம், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறு கடிதம் தருகிறேன் என்று சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டது அவன். எழுதினது நீயா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"இவ்வளவு நல்ல இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்சவளுக்கு அதுக்கு அர்த்தம் தெரியாம போச்சா?"

"நீங்களும் அங்க இருந்தீங்களே ஐயா. மாப்பிள்ளை ஐஸ்ல வெச்சதை நானே பார்த்தேன்."

"பார்த்தியா? அப்போ ஏன் தடுக்கலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோர்ட்ல ஒரு பேச்சு உண்டும்மா. சாட்சி மாறலாம், எழுத்து மாறாது. போ, குழந்தை அழுவுது பார்." குழந்தை அழவில்லை. என்னைப் போகச் சொல்ல அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

அவர் வக்கீல். அந்த வாக்கியம் எதற்காக எழுதப்படுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தினம் பத்து மனுக்களில் அதைப் படிக்கிறவர். என்னைக் கொண்டே எழுதச் சொன்னது ஏன் என்று பிறகு பல நாள் யோசித்தேன். ஒருவேளை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனோ என்னவோ. உண்மையாகவே நடந்ததை எழுதத்தான் சொல்லியிருக்கலாம். முதல் தாளைக் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று தோட்டக்காரரின் மனைவி சொன்னாள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள் என்று தெரிந்தும், அதை நம்பப் பார்த்தேன். முடியவில்லை. முதல் தாள் இருந்திருந்தால் குறைந்தபட்சம் பொய் அவர்கள் பக்கம் இருந்திருக்கும்.

நாங்கள் மதுராந்தகத்துக்கு வந்துவிட்டோம். ஏரிக்கரை ஓரம் ஒரு அறை. அவர் நெல் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார். வெள்ளைப் பந்தைத் துடைத்துத் துடைத்து மெத்தென்று ஆகியிருந்த கைகள் அவருடையவை; சணல் சாக்கு முதல் வாரத்திலேயே தோலை உரித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுவிடுவேன். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன், ஏதாவது ஒரு பக்கம் முடிந்திருக்கும். டீச்சரம்மா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டார். எந்த நாளிலிருந்து என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கவனித்தேன், அந்தப் பெயர் வீட்டில் இல்லை.

தோட்டக்காரரின் மனைவி ஒரு முறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தபோது எங்களைப் பார்க்க வந்தாள். கிளப்பில் புதுப் பந்து வாங்கிவிட்டார்களாம். ஏதோ பிசினை அச்சில் ஊற்றிச் செய்ததாம், கண்ணாடி மாதிரி பளபளப்பாம்.

"அதுக்கு சூடும் ஒண்ணும் பண்ணாதாம், குளிரும் ஒண்ணும் பண்ணாதாம். வேணும்னா கொழம்புல போட்டு கொதிக்க வெக்கலாமாம் அண்ணாத்த" என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப மார்க்கர் எதுக்கு?" என்றார் அவர்.

மகள் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்த சமயம், மூட்டை ஏற்றிய இடத்திலேயே எடை போடுகிற ஆள் வேலை ஒன்று காலியானது. எழுத்து மூலம் விண்ணப்பம் கேட்டார்கள். அது எனக்கு அவர் சொல்லித் தெரியவில்லை. ஒரு நாள் சட்டையை ஊற வைக்கும்போது பையில் மடித்த தாள் இருந்தது. தாலுக்கா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவரிடம் போய் எழுதி வாங்கியிருக்கிறார். ஆங்கிலத்தில்தான். ஏழு வரி. அதில் மூன்று தவறுகள். ஒன்று ஊர்ப் பெயரிலேயே. எந்த இடத்திலும் மன்னிப்பு இல்லை. கீழே அவர் கையெழுத்து, நான் கற்றுக்கொடுத்த அதே எழுத்துகளில்.

அடுப்படியில் பேனா இருந்தது. மூன்று தவறுகளையும் அடித்தல் தெரியாமல் திருத்த என்னால் முடியும். திருத்தலாமா, திருத்தினால் அவருக்குத் தெரிந்துவிடுமா, தெரிந்தால் என்ன நினைப்பார், திருத்தாமல் விட்டு வேலை கிடைக்காமல் போனால் அதற்கும் நான்தானே காரணம் என்று தாளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மகள் வந்து, அம்மா அது என்ன என்று கேட்டாள். அப்பாவுடையது என்றேன்.

இருந்த மடிப்பிலேயே மடித்து, மறுநாள் அவர் போடப் போகிற சட்டையின் பையில் வைத்தேன். அந்த வாரமே அவரை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.